மாங்கா அடிக்கும் கை

எங்கள் பக்கத்துத் தெருக் கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிந்து பந்து போடுகிறவனை ‘மாங்கா அடிக்கிறான்’ என்பார்கள். மரத்தில் தொங்கும் மாங்காயைக் கல்லால் அடிக்கிற கை எப்படிச் சுழலுமோ அப்படிச் சுழல்கிறது, ஆகவே அது பந்துவீச்சு ஆகாது என்பது பொருள். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் தாமிரபரணிக் கரையில் வளர்ந்த எனக்குப் பன்னிரண்டு வயதில் அந்தப் பெயர் விழுந்தது. படித்துறையில் நின்று, நீர் நடுவே தெரியும் பாறையில் படும்படி கூழாங்கல் எறிவதும், சாலையோரப் புளிய மரத்தின் உச்சிக் கொப்பில் தொங்கும் காயை ஒரே கல்லில் விழவைப்பதும் எனக்கு இயல்பாக வந்தன. கையை நீட்டி முழங்கை மடங்காமல் பந்தை விடுவது மட்டும் வரவில்லை. “எல, மாங்கா அடிக்காத, பந்த அவன்ட்ட குடு” என்று மூத்த அண்ணன்மார் சொல்வார்கள். இரண்டு ஆண்டுகள் எல்லைக்கோட்டருகே நின்று மற்றவர்கள் அடித்த பந்தை எடுத்து எறிவதே என் வேலையாக இருந்தது. அங்கிருந்து நான் எறியும் பந்து நேராக விக்கெட் கீப்பரின் கையில் போய் விழுவதைப் பார்த்த எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். “ஏலே, இது பந்து போடுததுக்கு உள்ள கை இல்ல, எறியுததுக்கு உள்ள கை. நாளைக்குச் சாயங்காலம் ஈட்டி எடுக்க வா” என்றார். மறுநாள் அவர் என் கையில் கொடுத்தது மூங்கில் ஈட்டி.

இன்று நானும் உடற்பயிற்சி ஆசிரியன். பாளையங்கோட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு எறிதல் கற்றுக்கொடுத்து வருகிறேன். ரிங்கு சிங் என்ற பேஸ்பால் பிட்சரின், அதாவது மட்டையாளருக்குப் பந்தை எறிபவரின், வாழ்க்கையை நான் இத்தனை காலம் விடாமல் கவனித்து வந்ததற்கு இந்தப் பழைய கதைதான் காரணம். உத்தரப் பிரதேசத்துக் கிராமத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போய், அதுவரை கண்டிராத ஒரு விளையாட்டில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற இளைஞர் என்ற அளவில் பலருக்கும் அவரைத் தெரியும். ஒப்பந்தம் கையெழுத்தான நாளோடு அந்தக் கதையை எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கோ அவருடைய வாழ்க்கை அந்த நாளுக்குப் பிறகுதான் தொடங்கியதாகத் தோன்றுகிறது. அவர் எறிந்த சில ஆண்டுகளையும் எறிய முடியாமல் காத்திருந்த சில ஆண்டுகளையும் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

1988ஆம் ஆண்டு இன்றைய பதோஹி மாவட்டத்தில், கோபிகஞ்சுக்கு அருகில் பிறந்தவர் ரிங்கு. தந்தை லாரி ஓட்டுநர். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். இடக்கையர். லக்னோவில் உள்ள குரு கோவிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிதல் பயின்றார். அதே கல்லூரியில் வாரணாசிப் பக்கத்திலிருந்து வந்த தினேஷ் படேலும் ஈட்டி எறிந்துகொண்டிருந்தார், அவர் வலக்கையர். 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜே. பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு முகவரும் அவருடைய கூட்டாளிகளும் இந்திய நகரங்களில் ஒரு பந்து எறியும் போட்டியை நடத்தினார்கள். இவ்வளவு பேர் கிரிக்கெட் ஆடும் நாட்டில் பேஸ்பாலுக்கு ஏற்ற ஒரு கையாவது கிடைக்காதா என்பது அவர்களுடைய கணக்கு. 37,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட அந்தப் போட்டியில், மணிக்கு 87 மைல், அதாவது ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து ரிங்கு வென்றார். பரிசு ஒரு லட்சம் டாலர். தினேஷும் தேர்வானார். தேர்வான இருவரும் ஈட்டி எறிபவர்கள் என்பதைச் செய்தித்தாளில் படித்த அன்று, நான் என் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

கிரிக்கெட் பந்துவீச்சாளர்களைத் தேடி வந்தவர்களுக்கு ஈட்டிக்காரர்கள் கிடைத்தது தற்செயல் அன்று. கிரிக்கெட்டில் முழங்கை 15 பாகைக்கு மேல் மடங்கி நிமிர்ந்தால் அது எறி என்று தடுக்கப்படும். ஆகவே நல்ல பந்துவீச்சாளன் சிறு வயதிலிருந்தே கையை ஒரு சக்கரத்தின் ஆரம் போல நிமிர்த்திச் சுற்றப் பழகுகிறான். வேகத்தின் பெரும்பகுதியை ஓட்டத்திலிருந்து எடுக்கிறான். பேஸ்பால் பிட்சருக்கு ஓட்டமே கிடையாது. 25 சென்டிமீட்டர் உயரமுள்ள மண்மேட்டில் நின்று ஓர் எட்டு எடுத்து வைத்து எறிய வேண்டும். அந்த ஓர் எட்டில் முன்கால் தரையில் ஊன்ற, இடுப்பு முதலில் திரும்பி, அதைப் பின்தொடர்ந்து மார்பு திரும்பி, தோள் பின்னால் முறுக்கிக்கொண்டு நிற்க, மடங்கிய முழங்கை கடைசியில் சவுக்கின் நுனிபோல் விரிகிறது. ஈட்டி எறிபவனின் கடைசி இரண்டு எட்டுகளைப் படம்பிடித்து வேகம் குறைத்துப் பார்த்தால், இதே வரிசையை அப்படியே காணலாம். நமது மைதானத்தில் குற்றமாகப் பார்க்கப்படும் அந்த மடக்கும் விரிப்பும்தான் அங்கே தொழில்.

ஆனால் ஒற்றுமை அத்தோடு முடிகிறது. 800 கிராம் ஈட்டியை மேல்நோக்கி, காற்றில் மிதந்து போகும்படி விட வேண்டும்; ஏறத்தாழ 145 கிராம் பந்தை மேட்டிலிருந்து கீழ்நோக்கி விட வேண்டும். ஈட்டிக்காரன் பின்னால் சாய்ந்து விடுவித்தே பழகியவன். அவன் கையில் பந்தைக் கொடுத்தால் அது பிடிப்பவரின் தலைக்கு மேலே பறக்கும். தூரம் மட்டுமே கணக்கான ஆட்டத்திலிருந்து, 18.44 மீட்டர் தூரத்தில் தரையில் பதித்த 43 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தட்டின் மேலே, மட்டையாளரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையில் பந்தைச் செலுத்தும் ஆட்டத்துக்கு அவன் வர வேண்டும்.

இதை என் பிள்ளைகளுக்கு விளங்கவைப்பதற்காகப் பள்ளிச் சுவரில் அந்த அகலத்துக்கு ஒரு கட்டம் சுண்ணாம்பால் வரைந்து, நாடா பிடித்து 18.44 மீட்டர் அளந்து, அங்கே ஒரு கோடு போட்டேன். பேஸ்பால் இங்கே கிடைக்கவில்லை. சற்றே எடை கூடிய கிரிக்கெட் பந்தையே கொடுத்தேன். என்னிடம் நன்றாக ஈட்டி எறியும் பிள்ளைகள் முழு வேகத்தில் எறிந்தபோது, பத்தில் இரண்டு பந்து கட்டத்துக்குள் பட்டால் பெரிது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தவுடன் ஆறேழு பட்டன. வேகத்தையும் இலக்கையும் ஒரே கையில் சேர்ப்பதுதான் இந்தத் தொழிலின் மொத்தக் கடினமும் என்பதை, நான் ஒரு சொல்லும் சொல்லாமலே அந்தச் சுவரில் விழுந்த தடங்களிலிருந்து அவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

2008 மே மாதம் இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸ் போனார்கள். ஆங்கிலம் தெரியாது. ஆட்டத்தின் விதிகளும் தெரியாது. அங்கே அவர்களைப் பயிற்றுவித்தவர் டாம் ஹவுஸ். அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் படியான பெரிய லீகில் தாமே பிட்சராக இருந்தவர். 1974 ஏப்ரல் 8 அன்று ஹாங்க் ஆரன் என்ற மட்டையாளர் தமது 715ஆவது ஹோம் ரன்னை (நம் சிக்சர் போன்ற அடி) அடித்து, முந்தைய தலைமுறை ஆட்டக்காரர் பேப் ரூத்தின் சாதனையைக் கடந்தபோது, எல்லைச் சுவருக்கு அப்பால் விழுந்த அந்தப் பந்தைப் பிடித்தவரும் இவர்தான். உடலின் இயக்கத்தை அளந்து, பிரித்து, திருத்தும் பயிற்சியாளர் என்று பெயர் பெற்றவர். பேஸ்பாலில் ஒப்பந்தம் பெறும் அமெரிக்கப் பிள்ளை ஐந்தாறு வயதிலேயே பந்தைக் கையில் எடுத்தவன். டொமினிக்கன் குடியரசில் பதினாறு வயதுப் பையனை அணிகள் தேர்ந்தெடுத்துத் தம் பயிற்சிக்கூடத்தில் வைத்துக்கொள்கின்றன. ரிங்குவுக்கோ அந்த மேட்டில் முதன்முதலாக ஏறும்போது ஏறத்தாழ இருபது வயது. நின்ற இடத்திலிருந்து எறிவது, பந்தின் 108 தையல்களில் எந்தத் தையலின்மேல் எந்த விரலை வைத்தால் பந்து எப்படித் திரும்பும் என்பது, எறிந்த மறுகணமே தானும் ஒரு தடுப்பாட்டக்காரன் என்பதை நினைவில் வைத்து முன்னே ஓடுவது என்று எல்லாவற்றையும் அவர் ஆறு மாதத்தில் கற்க வேண்டியிருந்தது. ஒரு பையனின் ஈட்டிப் பிடியை மாற்றவே எனக்கு ஒரு பருவம் முழுக்கத் தேவைப்படுகிறது என்பதால், அந்த ஆறு மாதத்தை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

அந்த ஆண்டு நவம்பரில் அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில், பல அணிகளின் தேர்வாளர்கள் முன்னிலையில் இருவரும் எறிந்து காட்டினார்கள். நவம்பர் 24 அன்று பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கப் பெரிய லீக் பேஸ்பால் அணியோடு ஒப்பந்தம் செய்துகொண்ட முதல் இந்தியர்கள் அவர்கள். பைரட்ஸ் அப்போது தொடர்ந்து பதினாறாவது பருவமாக, வென்றதைவிடத் தோற்றது அதிகமாக முடித்திருந்த அணி. பெரும்பணம் கொட்டி நட்சத்திரங்களை வாங்க இயலாத அந்த அணியின் நிர்வாகம், வேறு யாரும் தேடாத இடங்களிலும் கைகளைத் தேடியது. கிரிக்கெட்டிலும் நான் இதைக் கண்டிருக்கிறேன்: வசதியான அணிக்கு வெளியே தேட வேண்டிய தேவை வராது.

இனி, கதை சொல்பவர்கள் விட்டுவிடும் பகுதிக்கு வருகிறேன்.

பெரிய லீகுக்குக் கீழே அமெரிக்காவில் பல படிகள் உண்டு. புதியவர்கள் சேரும் ‘ரூக்கி’ லீக் அடிப்படி. அதற்கு மேலே ‘ஏ’ நிலையில் சில படிகள், பிறகு ‘டபுள் ஏ’, ‘ட்ரிப்பிள் ஏ’, அதற்கும் மேலே பெரிய லீக். கீழ்ப்படியில் கால் வைக்கும் நூறு பேரில் மிகச் சிலரே உச்சிக்குப் போகிறார்கள். 2009 ஜூலை 4 அன்று, ஃப்ளோரிடாவின் பிராடென்டனைத் தளமாகக் கொண்ட பைரட்ஸின் ரூக்கி அணிக்காக இருவரும் முதன்முதலாக ஆடினார்கள். வளைகுடாக் கடற்கரை லீக் என்று அப்போது பெயர் கொண்டிருந்த அந்தப் போட்டிகள் பயிற்சித் திடல்களில், பெரும்பாலும் நண்பகல் வெயிலில் நடந்தன. நுழைவுச்சீட்டு கிடையாது, பார்க்க வருவோரும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அக்னி நட்சத்திரத்தில் வ.உ.சி. மைதானத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கு ஓடிப் பழகியவர்களுக்கு அந்த நண்பகல் எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை. சுற்றிலும் இருந்த சக வீரர்களில் பலர் டொமினிக்கன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் வந்த பிள்ளைகள். அவர்களும் வீட்டை விட்டு வந்தவர்கள்தாம். ஆனால் அவர்களுக்குத் தம் மொழி பேசத் துணை இருந்தது. இந்தி பேச இவர்கள் இருவருக்கும் ஒருவரை விட்டால் மற்றவர்தான்.

ஜூலை 13 அன்று, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் ஆட்டத்தின் வெற்றி ரிங்குவின் பெயரில் எழுதப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. பேஸ்பாலில் அணியின் வெற்றி, அணி முன்னிலைக்கு வந்தபோது எறிந்துகொண்டிருந்த பிட்சரின் கணக்கில் பெரும்பாலும் சேரும். ஆகவே அந்த எண்ணை மட்டும் வைத்து ஒருவரின் திறமையை எடைபோட முடியாது. நான் அதைவிட இன்னொரு எண்ணைத்தான் பார்ப்பேன். ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது பேஸ்பாலின் ஒரு முழு ஆட்டத்துக்கு, ஒரு பிட்சர் தம் பொறுப்பில் எத்தனை ஓட்டங்கள் கொடுக்கிறார் என்ற சராசரி அது. அந்த முதல் ஆண்டில் ரிங்கு 11 ஆட்டங்களில் ஆடி 5.84 என்ற சராசரியோடு முடித்தார். நல்ல எண் அன்று. ஆனால் பதினான்கு மாதங்களுக்கு முன்பு பேஸ்பால் உறையைக் கூடக் கையில் மாட்டியிராத ஒருவர், சிறு வயதிலிருந்தே மட்டை பிடித்தவர்களுக்கு எதிரே எறிந்து எடுத்த எண் அது. அணி அவரை வைத்துக்கொண்டது.

தினேஷின் முதல் ஆண்டு இதைவிட நன்றாகவே அமைந்தது. 6 ஆட்டங்களில் அவர் சராசரி 1.42. அடுத்த ஆண்டு அது கைமீறிப் போயிற்று. 2010 டிசம்பரில் அணி அவரை விடுவித்தது. அவர் ஊருக்குத் திரும்பிப் படிப்பையும் ஈட்டியையும் மறுபடி தொடர்ந்தார்.

இந்த இடத்தில் என் அப்பாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் மாவட்டத்தில் பம்பாய்க்குப் போகாத குடும்பம் குறைவு. தாராவிச் சந்துகளில் பாதித் திருநெல்வேலி இருப்பதாக ஊரில் சொல்வார்கள். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே ரயிலில், ஒரே வாரத்தில் போனார்கள். பெரியப்பா அங்கேயே தங்கி மிட்டாய்க்கடை வைத்தார். அப்பா மூன்றாண்டுக்குள் திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அப்பா இங்கே வயலில் செய்த வேலை எதுவும் ஊராரின் பேச்சில் இடம்பெறவில்லை. நாற்பது ஆண்டுகளாக அவர் ‘பம்பாயிலிருந்து திரும்பி வந்தவர்’ என்ற ஒரே பெயரில்தான் அறியப்பட்டார். தினேஷ் படேலைப் பற்றி எழுதுகிற பலரும் அவரை அந்த ஒரு வரியில் அடைத்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. இருபத்தொரு வயதில், இரண்டு ஆண்டுகள் வேற்று நாட்டில் வேற்று மொழியில் ஒரு தொழிலைக் கற்று, மேட்டில் ஏறி, உலகின் தேர்ந்த இளம் மட்டையாளர்களுக்குப் பந்து எறிந்துவிட்டு ஒருவர் தம் ஊர் மைதானத்தில் மறுபடி ஈட்டியைக் கையில் எடுக்கிறார். அதைத் தோல்வி என்று எழுத எனக்குக் கை வராது.

ரிங்கு அங்கே தனியாகத் தங்கினார். 2011–12இல் அமெரிக்கக் குளிர்காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்க் கேன்பரா கேவல்ரி அணிக்கு ஆடினார். ஓய்வுக்காலம் என்று ஒன்று இல்லாமல் தொடர்ந்து எறிந்தது பின்னால் அவருடைய முழங்கையில் வந்து நின்றதா என்று எனக்குள் ஒரு கேள்வி உண்டு. ஆனால் பிந்தித் தொடங்கியவனுக்கு ஆட்ட அனுபவத்தைக் கூட்டிக்கொள்ள வேறு வழியும் இல்லை. 2012ஆம் ஆண்டு மேற்கு வர்ஜீனியா பவர் அணிக்காக அவர் ஆடிய பருவமே அவருடைய தொழில்வாழ்வின் முழுமையான பருவம் என்பேன். அந்த அணி இருந்த தென் அட்லாண்டிக் லீகில் ஏப்ரல் முதல் செப்டம்பர்த் தொடக்கம் வரை 140 ஆட்டங்கள். நியூ ஜெர்சி முதல் ஜார்ஜியா வரை சிதறிக் கிடந்த ஊர்களுக்கு இரவுப் பேருந்தில் போய், விடியலில் இறங்கித் தூங்கி, மாலையில் ஆடி, மறுபடி பேருந்தில் ஏறுகிற வாழ்க்கை அது. ஆட்டத்தின் நடுவே, முதலில் எறிந்தவர் களைத்த பிறகு வந்து எறியும் மாற்று பிட்சராக அவர் 39 ஆட்டங்களில் 72 இன்னிங்ஸ் எறிந்தார். சராசரி 3.00. மூன்றாண்டுக்கு முன்பு 5.84. ஒரே கையின் இந்த இரண்டு எண்களையும் என் குறிப்பேட்டில் அடுத்தடுத்து எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த வாழ்க்கைக்கு அவர்கள் கொடுத்த கூலியையும் சொல்ல வேண்டும். கீழ்ப்படிகளில் ஆடியவர்களுக்கு அக்காலத்தில் மாதம் ஆயிரம் டாலரைச் சுற்றித்தான் சம்பளம். அதுவும் ஆட்டப் பருவத்தின் ஐந்தாறு மாதங்களுக்கு மட்டும். பெருந்தொகைக்கு ஒப்பந்தமாகிற அமெரிக்க இளைஞனுக்கு அது கைச்செலவு. ஊருக்குப் பணம் அனுப்ப நினைக்கும் குடியேறியின் நிலை வேறு. 2022இல் கீழ்ப்படி வீரர்கள் சங்கத்தில் சேர்ந்து, 2023இல் முதல் கூட்டு ஒப்பந்தம் பெற்றபோது, ரிங்கு ஆடிய ‘ஏ’ நிலையின் கீழ்ப்படியில் ஆண்டு ஊதியத்தின் அடிமட்டம் 11,000 டாலரிலிருந்து 26,200 டாலராக உயர்ந்தது. அவருடைய காலத்துக்குப் பத்தாண்டு பிந்தி வந்த நீதி.

2013இல் முழங்கை போயிற்று. மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் உட்புறத்தில் கட்டி வைத்திருக்கும் தசைநார் ஒன்று உண்டு. எறியும்போது முன்கை பின்னால் மடங்கி, முழங்கை முன்னால் பாயும் அந்தக் கணத்தில், மூட்டைப் பிளக்கப் பார்க்கும் விசையைப் பெரும்பாலும் அந்தச் சிறு நார்தான் தாங்குகிறது. தசையைப் பயிற்சியால் பருக்கவைக்கலாம். நாரை அப்படி வளர்க்க முடியாது. வேகமாக எறிபவனின் தோளும் இடுப்பும் கூடக்கூட, அந்த நார் தாங்க வேண்டிய சுமைதான் கூடுகிறது. 1974க்கு முன்பு அது அறுந்தால் பிட்சரின் தொழில் முடிந்தது என்று பொருள். அந்த ஆண்டு செப்டம்பர் 25 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கை பிட்சர் டாமி ஜானுக்கு ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர், வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோத்துக் கட்டினார். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து 1989 வரை எறிந்தார். அவர் பெற்ற 288 வெற்றிகளில் 164 அந்த அறுவைக்குப் பிறகு வந்தவை. அதனால் அந்தச் சிகிச்சைக்கே அவருடைய பெயர் நிலைத்துவிட்டது.

அதே சிகிச்சைதான் ரிங்குவுக்கும். எறிய விடுவதற்கு முன் ஓராண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். முதலில் கையை மடக்கி நீட்டுவது, பிறகு பஞ்சுபோன்ற பந்தைப் பிசைவது, பிறகு பத்து மீட்டர் தூரம் மெல்ல எறிவது என்று ஒவ்வொரு வாரமும் ஒரு சிறு படி. ரிங்கு 2013இலும் ஆடவில்லை, 2014இலும் ஆடவில்லை, 2015இலும் காயம் அவரை விடவில்லை. ஊருக்குத் திரும்பிப் போகப் போதுமான காரணம் ஒவ்வோர் ஆண்டும் அவருக்கு இருந்தது. ஆனாலும் அவர் அங்கே, அந்தப் பயிற்சிக்கூடத்தில், தம்மைவிட ஐந்தாறு வயது இளைய புதியவர்கள் வந்து வந்து மேலேறிப் போவதைப் பார்த்துக்கொண்டு, தம் கையைத் தேற்றிக்கொண்டிருந்தார். 87 மைல் வேகத்தைவிட இந்த மூன்று ஆண்டுகளையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஆட்டக்காரன் ஆடாமல் இருக்கும்போது அவனைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவனுக்கு எண்களும் இல்லை.

பெரிய லீக் மேட்டில் அவர் ஏறவில்லை. 2018 ஜனவரியில் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ. அவரை ஒப்பந்தம் செய்தது. பின்னாளில் வீர் மஹான் என்ற பெயரில் பல கோடிப் பேர் அவரைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அது வேறு வாழ்க்கை. அதைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். பேஸ்பாலின் கீழ்ப்படிகளும் இன்று அவர் ஏறியபடி இல்லை. 2021இல் பெரிய லீக் நிர்வாகம் தன் கீழுள்ள அணிகளை 160லிருந்து 120ஆகக் குறைத்தபோது, ரிங்கு 72 இன்னிங்ஸ் எறிந்த மேற்கு வர்ஜீனியா அணியும் அந்த ஏணியிலிருந்து கழற்றிவிடப்பட்டது.

ஈட்டியின் நிலை நம் நாட்டில் இப்போது மாறியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் நீரஜ் சோப்ரா டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் தங்கம் வென்ற பிறகு, என்னிடம் வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. மூங்கிலுக்குப் பதில் உலோக ஈட்டிகள் வந்தன. அந்தத் தங்கத்துக்கு இரண்டு ஆண்டுக்கு முன்பு, 2019இல், நீரஜுக்கும் வலது முழங்கையில் அறுவை நடந்தது என்பதைப் பெற்றோரிடம் நான் மறக்காமல் சொல்கிறேன். 2008இல் லக்னோவில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த இரண்டு இளைஞர்களுக்கு முன்னால் இப்படி ஒரு வழி தெரிந்திருந்தால், அவர்கள் அந்தப் பந்து எறியும் போட்டிக்குப் போயே இருக்க மாட்டார்களோ என்று சில நேரம் எண்ணுவேன்.

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு பையன் என்னிடம் வருகிறான். ஒன்பதாம் வகுப்பு, இடக்கை. அம்மா பீடி சுற்றுகிறார். கிரிக்கெட்டில் மாங்கா அடிக்கிறான் என்று ஒதுக்கப்பட்டு என்னிடம் வந்தவன். இந்த ஆண்டு மாவட்டப் போட்டிக்கு அவன்தான் போவான் என்று மற்றப் பிள்ளைகளே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சென்ற மாதம் எறிந்து முடித்ததும் கையை உதறிக்கொண்டே நடந்தான். கூப்பிட்டு, முழங்கையின் உட்பக்கத்து எலும்பு முனையில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்தினேன். முகம் சுருங்கியது. “வலிக்கல சார், எறியுதேன் சார்” என்றான். எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற வயது. மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மூன்று மாதம் எறியக் கூடாது என்றார். மறுநாள் அவன் அம்மா பீடித் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பேருந்து ஏறி வந்தார். “போட்டி போயிருமே சார், பய ராத்திரி எல்லாம் அழுதுட்டுக் கெடந்தான்” என்றார். அவரை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, ரிங்குவின் மூன்று ஆண்டுகளைச் சொன்னேன். டாமி ஜானின் 164ஐயும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்பம் அந்தப் பய திரும்ப எறிஞ்சானா சார்?” என்று கேட்டார்.

பெரிய மேட்டில் எறியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவர் சற்று நேரம் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரி சார், மூணு மாசந்தானே, நீங்க பாத்துக்கிடுங்க” என்று எழுந்தார்.

பையன் இப்போதும் நாள் தவறாமல் வருகிறான். முதல் பாதி மைதானத்தைச் சுற்றி ஓடுகிறான். பிறகு அளவுநாடாவின் மறுமுனையை வலக்கையில் பிடித்துக்கொண்டு போய், மற்றவர்களின் ஈட்டி குத்தி நின்ற இடத்தில் குனிந்து, எண்ணைச் சத்தமாகச் சொல்கிறான். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன்.